குவார்ட்டர்பேக்கா, கோச்சா? என்.எஃப்.எல். ஆட்டத்தைப் பிரித்துப் பார்க்கும் முறை

அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல்.-இல் ஓர் அணி ஜெயித்தால் அந்த வெற்றி, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கின் கணக்கில் ஏறுகிறது. தோற்றால் தோல்வியும் அவர் கணக்கில்தான். கூடவே ஆடும் மற்ற பத்துப் பேருக்கும் இப்படி ஒரு கணக்கு கிடையாது. இதை மட்டும் வைத்து அணியை எடைபோடுபவர்கள் ஒவ்வொரு வருடமும் ஏமாறுகிறார்கள். பந்து நகர்வதற்கு முன்பு நடக்கும் வேலையில் பெரும்பகுதி கோச்சுடையது. போட்ட திட்டம் கெட்ட பிறகு நடப்பது குவார்ட்டர்பேக்குடையது. இரண்டையும் தனித்தனியே பார்க்கப் பழகிவிட்டால், ஓர் அணி ஏன் ஜெயிக்கிறது, அந்த வெற்றி அடுத்த வருடமும் நிற்குமா என்பது ஓரளவு பிடிபடும். நான்கு டவுனில், அதாவது நான்கு முயற்சியில், 10 யார்டு முன்னேற வேண்டும் என்ற அடிப்படை விதி தெரிந்திருந்தால் போதும்.

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

ஒரு பிளே, அதாவது பந்தை நகர்த்தும் ஒரு முயற்சி, முடிந்ததும் 40 நொடி பிளே கிளாக் ஓடத் தொடங்கும். அதற்குள் அடுத்த ஸ்னாப் (பந்தைப் பின்னால் கொடுத்து பிளேயைத் தொடங்குவது) நடக்காவிட்டால் 5 யார்டு அபராதம். அடுத்த பிளே என்ன என்பதை, கிரிக்கெட் கேப்டனைப் போல, களத்தில் நிற்பவர் முடிவுசெய்வதில்லை. தலைமைக் கோச்சோ, பந்து வைத்திருக்கும் பக்கமான ஆஃபென்ஸின் கோஆர்டினேட்டரோ சொல்வது ஹெல்மெட்டுக்குள் இருக்கும் ரேடியோ வழியாக குவார்ட்டர்பேக்கின் காதுக்கு வருகிறது. 1994-இல் வந்த ஏற்பாடு இது. ஹெல்மெட்டின் பின்புறம் பச்சைப் புள்ளி ஒட்டியிருந்தால் அதில் ரேடியோ இருக்கிறது என்று பொருள். கிளாக்கில் 15 நொடி மிச்சம் இருக்கும்போது அந்த ரேடியோ துண்டிக்கப்படும். அதற்குப் பிறகு எடுக்கும் முடிவுகள் எல்லாம் குவார்ட்டர்பேக்குடையவை.

முதல் குவார்ட்டர் முழுக்க ஒரே ஒரு விஷயத்தைக் குறித்துவையுங்கள்: ஹடில் (வீரர்கள் கூடி நின்று பிளேயைக் கேட்கும் வட்டம்) கலைந்து ஆஃபென்ஸ் வரிசையில் வந்து நிற்கும்போது கிளாக்கில் எத்தனை நொடி மிச்சம்? 18, 20 என்று இருந்தால் கோச் பிளேயைச் சீக்கிரமே அனுப்பிவிட்டார். எதிரணி நிற்கும் விதத்தைப் பார்த்து கடைசியாக ஒரு வார்த்தை சொல்லவும் அவருக்கு நேரம் இருக்கிறது. 7, 8 என்று இருந்தால் குவார்ட்டர்பேக்கால் எதையும் மாற்ற முடியாது, சொன்னதை அப்படியே ஓட வேண்டியதுதான். ஒரு பாதிக்கு மூன்று டைம்-அவுட்தான். இரண்டாம் பாதி தொடங்கியதுமே, அபராதத்தைத் தவிர்க்க மட்டும் டைம்-அவுட் எடுக்கும் அணியில் முதலில் கோச்சின் மேஜையைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஒரு விதிவிலக்கு உண்டு. வெளியூர் மைதானத்தில் கூச்சல் காதைப் பிளக்கும்போது ரேடியோவும் கேட்காது, குவார்ட்டர்பேக்கின் குரல் அவர் முன்னால் நின்று தடுக்கும் லைனுக்கும் கேட்காது. அங்கே தாமதத்துக்கு யாரையும் குறை சொல்ல முடியாது.

கடைசிப் பதினைந்து நொடியில் குவார்ட்டர்பேக்கின் கண் எங்கே போகிறது என்று கவனியுங்கள். எதிரணியில் ஆழத்தில் நிற்கும் காவலரான சேஃப்டி ஒருவரா இருவரா என்று பார்ப்பார். பந்தைப் பிடிக்கும் ரிசீவர் ஒருவரை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடவிடுவார்; எதிரணியில் ஒருவர் கூடவே ஓடினால் பெரும்பாலும் ஆளுக்கு ஆள் காவல், யாரும் ஓடாமல் இடம் மட்டும் சரிந்தால் ஸோன், அதாவது இடத்துக்குக் காவல். இந்த மோஷனைத் திட்டத்தில் வைத்தது கோச். அது காட்டிக்கொடுத்ததைப் படித்து, எதிரணி லைனுக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கரைக் கைகாட்டி, தடுப்பை மாற்றுவது குவார்ட்டர்பேக். இங்கே இரண்டு பேரின் வேலையும் ஐந்து நொடிக்குள் அடுத்தடுத்து தெரியும். ஆட்டத்தில் இதைவிட நல்ல இடம் கிடையாது.

சாக்கும் இன்டர்செப்ஷனும் யார் தவறு?

சாக் விழுந்ததும், அதாவது எறியும் முன்பே குவார்ட்டர்பேக் வீழ்த்தப்பட்டதும், லைனைத் திட்டுவது வழக்கம். திட்டுவதற்கு முன்பு ரீப்ளேயில் தாக்க வந்தவர்களை எண்ணுங்கள். லைனில் ஐந்து பேர், பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்கையும் சேர்த்தால் ஆறு பேர் தடுக்கிறார்கள். ஏழு பேர் ஒன்றாகப் பாய்ந்து (பிளிட்ஸ்) வந்தால் ஒருவரைத் தடுக்க ஆளே இல்லை. அந்த ஏழாமவர் குவார்ட்டர்பேக்கின் பொறுப்பு: அவர் வருகிறார் என்று முன்கூட்டியே கண்டு, குறுக்கே ஓடும் ரிசீவருக்குப் பந்தை உடனே தள்ளிவிட வேண்டும். அப்படி ஒரு குறுகிய ரூட்டே பிளேயில் இல்லையென்றால் தவறு கோச்சுடையது. நான்கே பேர் வந்து இரண்டு நொடிக்குள் சாக் என்றால் அது லைன். மூன்றரை நொடிக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருந்து விழுந்தால், ஒன்று ரிசீவர்கள் யாருக்கும் இடம் கிடைக்கவில்லை, அல்லது கிடைத்த இடத்தை குவார்ட்டர்பேக் பார்க்கவில்லை. எது என்று டிவி கேமராவில் தெரியாது. அது பந்தின் பின்னாலேயே போகிறது. 22 பேரும் ஒரே சட்டகத்தில் தெரியும் ‘ஆல்-22’ காட்சியில்தான் விடை இருக்கும்.

இன்டர்செப்ஷனையும், அதாவது எறிந்த பந்தை எதிரணி பிடித்துவிடுவதையும், இப்படியே பிரியுங்கள். ரிசீவரின் கையில் பட்டுத் தெறித்த பந்தை குவார்ட்டர்பேக்கின் தலையில் கட்டக் கூடாது. எறியும்போது கை தட்டிவிடப்பட்டிருந்தால் லைனைப் பாருங்கள். தன் அணியில் யாருமே இல்லாத இடத்தில் பந்து விழுந்தால், ரிசீவர் ஒன்றை நினைத்து ஓடினார், குவார்ட்டர்பேக் வேறொன்றை நினைத்து எறிந்தார். செப்டம்பரில் இது சகஜம். நவம்பரிலும் தொடர்ந்தால் பயிற்சி சரியில்லை. நடுக்களத்தில் தாமதமாக எறிந்து, நடுவே நின்ற லைன்பேக்கரிடமே பந்தைக் கொடுத்தால் மட்டும் முழுப் பழியும் குவார்ட்டர்பேக்குக்கு.

மூன்றாவது டவுனில் 8 யார்டுக்கு மேல் தேவைப்படும் நிலை குவார்ட்டர்பேக்குக்கு வைக்கும் பரீட்சை. ஆனால் அவரை அடிக்கடி அங்கே கொண்டுபோய் நிறுத்தியது யார்? முதல் டவுனில் வரிசையாக நடுவிலேயே ரன் கொடுத்து ஒன்றும் இரண்டுமாக யார்டு எடுத்த கோச்தான். ஒரு ஆட்டத்தில் வந்த மூன்றாவது டவுன் ஒவ்வொன்றிலும் எத்தனை யார்டு தேவைப்பட்டது என்று எழுதிப் பாருங்கள். சராசரி 5-ஐ ஒட்டி இருந்தால் கோச் நன்றாக வேலை செய்கிறார்.

முதல் பதினைந்து பிளே

1980-களில் சான் ஃபிரான்சிஸ்கோ 49-யர்ஸ் அணியை வழிநடத்திய பில் வால்ஷ், ஆட்டத்தின் தொடக்கப் பிளேகளை முன்கூட்டியே வரிசைப்படுத்தி எழுதிவைக்கும் வழக்கத்தைப் பரப்பினார். இன்றும் பெரும்பாலான அணிகள் முதல் 15 பிளே வரை இப்படித்தான் தயாராகின்றன. ஆகவே முதல் இரண்டு டிரைவ் (பந்து தொடர்ந்து கையில் இருக்கும் பிளேகளின் வரிசை) கோச்சின் வாரவேலையைக் காட்டும். முதல் இரண்டில் புள்ளி எடுத்து, பிறகு பாதிநேரம் வரை முடங்கிப்போகும் அணி நன்றாகத் திட்டம் போடுகிறது, எதிரணி மாறியதும் தானும் மாறத் தெரியவில்லை. தொடக்கத்தில் தடுமாறி இரண்டாம் பாதியில் எழும் அணி அதற்கு நேர்மாறு. அங்கே பல நேரம் குவார்ட்டர்பேக் திட்டத்தைத் தூக்கிப்போட்டுவிட்டுத் தானே ஆட்டத்தை எடுத்துப்போகிறார். ஒரு ஆட்டத்தை வைத்து முடிவுக்கு வராதீர்கள். ஆறு ஆட்டமாவது வேண்டும்.

ஆள் மாறிய வருடங்கள்

கோச் மாறாமல் குவார்ட்டர்பேக் மாறிய வருடங்களும், குவார்ட்டர்பேக் மாறாமல் கோச் மாறிய வருடங்களும்தான் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் நல்ல சான்று. 2010-இல் 10-6 (10 வெற்றி, 6 தோல்வி) என்று முடித்த இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ், கழுத்து அறுவை சிகிச்சையால் குவார்ட்டர்பேக் பெய்டன் மேனிங் ஆடாத 2011-இல் 2-14. அந்த ஆஃபென்ஸில் ஸ்னாப்புக்கு முன்பு நடந்த வேலையும் பெரும்பாலும் மேனிங்குடையதாகவே இருந்ததுதான் காரணம். நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸில் குவார்ட்டர்பேக் டாம் பிரேடி 2008-இன் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் காயத்தோடு வெளியேறினார். மாட் காஸல் இறங்கினார், அணி 11-5. முந்தைய வருடம் 16-0 என்பதால் சரிவு உண்மைதான், ஆனால் கோச் பில் பெலிச்சிக்கின் அணி உடைந்துபோகவில்லை. அதே பிரேடி 2020-இல் டாம்பா பே போனார். புரூஸ் ஏரியன்ஸ்தான் அங்கே முந்தைய வருடமும் கோச். 2019-இல் ஜேமிஸ் வின்ஸ்டன் 30 இன்டர்செப்ஷன் எறிந்தார், அணி 7-9. பிரேடி எறிந்தது 12. அணி 11-5, கடைசியில் லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலும் அதற்கே. பேட்ரியாட்ஸ் அந்த வருடம் 7-9.

குவார்ட்டர்பேக் ஜாரெட் காஃபின் கதையைத்தான் நான் அதிகம் நம்புகிறேன், ஏனென்றால் அது இரண்டு பக்கமும் வெட்டுகிறது. 2016 டிராஃப்டில் (அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) முதல் ஆளாகத் தேர்வாகி, அந்த வருடம் தொடங்கிய ஏழு ஆட்டத்திலும் தோற்றார். அவருடைய அணியான ராம்ஸ் எடுத்தது 224 புள்ளி, லீக்கிலேயே கடைசி. அடுத்த வருடம் 30 வயதில் ஷான் மெக்வே கோச்சாக வந்தார்; 478 புள்ளி, லீக்கிலேயே முதலிடம். எல்லாம் மெக்வே என்று சொல்லிவிடலாம்போல் இருக்கும். ஆனால் அதே கோடையில் லைனின் இடது ஓரத்தில் தடுக்கும் லெஃப்ட் டேக்கிள் ஆண்ட்ரூ விட்வொர்த்தும், ராபர்ட் உட்ஸ், கூப்பர் கப் போன்ற ரிசீவர்களும் வந்ததை மறக்கக் கூடாது. 2021-இல் அதே மெக்வே காஃபோடு டிராஃப்டின் இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளையும் கொடுத்து டெட்ராயிட்டிலிருந்து மாத்யூ ஸ்டாஃபோர்டை வாங்கினார். ஸ்டாஃபோர்ட் டெட்ராயிட்டில் 12 வருடம் ஆடி, நாக்-அவுட் சுற்றான பிளேஆஃபில் ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. மெக்வேயிடம் வந்த முதல் வருடமே சூப்பர் பவுல் ஜெயித்தார், அதுவும் 17 இன்டர்செப்ஷன் எறிந்த வருடத்தில். டான் கேம்ப்பெலின் டெட்ராயிட்டில் காஃப் முதல் வருடம் திணறினார். பென் ஜான்சன் ஆஃபென்ஸை எடுத்த பிறகு 9-8, 12-5, 15-2 என்று ஏறினார்கள். 2024 ஜனவரியில் பிளேஆஃபில் ஸ்டாஃபோர்டின் ராம்ஸை 24-23 என்று தோற்கடித்தார்கள்.

யார் யாருக்குப் பொருந்துகிறார் என்பதே இங்கே பாதி விடை. 2017 ஃபிலடெல்ஃபியாவும் அதைத்தான் காட்டுகிறது. டிசம்பரில் குவார்ட்டர்பேக் கார்சன் வென்ட்ஸ் காயமடைந்தார்; மாற்று ஆளான நிக் ஃபோல்ஸுக்குப் பழகிய, பந்து சீக்கிரம் கையை விட்டுப் போகும் பிளேகளை நோக்கி கோச் டக் பீடர்சன் ஆஃபென்ஸைத் திருப்பினார். சூப்பர் பவுலில் முதல் பாதி முடிய 38 நொடி இருக்கும்போது, கோல் கோட்டுக்கு 1 யார்டு, நான்காவது டவுன். உதைத்து எடுக்கும் எளிய ஃபீல்டு கோலை விட்டுவிட்டு, பந்தைக் கோட்டுக்குள் கொண்டுபோகும் டச்டவுனுக்கே போவது என்று முடிவெடுத்தவர் பீடர்சன். சைட்லைனுக்கு வந்து, ரிசீவராகத் தானே ஓடிப் பந்தைப் பிடிக்கும் அந்த பிளேயைக் கேட்டவர் ஃபோல்ஸ். பீடர்சன் ஒரு கணம் யோசித்துச் சரி என்றார். டச்டவுன். அந்த ஆட்டத்தின் சிறந்த வீரர் ஃபோல்ஸ். இரண்டு வருடம் கழித்து ஜாக்சன்வில்லில் அவர் தொடங்கிய நான்கு ஆட்டமும் தோல்வி.

எந்த எண்ணை எடுப்பது

குவார்ட்டர்பேக்குக்கு வழக்கமாகப் போடும் மதிப்பெண்ணான பாசர் ரேட்டிங் சாக்கைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதனால் பந்தைக் கட்டிக்கொண்டு விழுபவரும் அதில் நல்லவராகத் தெரிவார். அதற்குப் பதில் நீங்களே போடக்கூடிய கணக்கு இது: பாஸ் யார்டோடு டச்டவுனுக்கு 20 வீதம் கூட்டி, இன்டர்செப்ஷனுக்கு 45 வீதமும் சாக்கில் இழந்த யார்டும் கழித்து, எறிந்த பாஸ் எண்ணிக்கையும் சாக் எண்ணிக்கையும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும். 30 பாஸ், 240 யார்டு, 2 டச்டவுன், 1 இன்டர்செப்ஷன், 32 யார்டு இழந்த 4 சாக் என்று வைத்துக்கொள்வோம். வெறுமனே வகுத்தால் பாஸுக்கு 8 யார்டு, பிரமாதம். இந்தக் கணக்கில் 203-ஐ 34-ஆல் வகுத்தால் 6-க்குக் கொஞ்சம் கீழே, சுமாரான ஆட்டம். ஆனால் இந்த எண்ணிலும் லைன், ரிசீவர், கோச் எல்லோரும் கலந்துதான் இருக்கிறார்கள்.

வெற்றி தோல்விக் கணக்கை நம்பும் முன் 8 புள்ளிக்குள் முடிந்த ஆட்டங்களைத் தனியே எண்ணுங்கள். 2022-இல் மினசோட்டா வைக்கிங்ஸ் 13-4. அப்படிப்பட்ட நெருக்கமான 11 ஆட்டத்தையும் ஜெயித்தார்கள். சீசன் முழுக்க எடுத்த புள்ளியைவிடக் கொடுத்த புள்ளி 3 அதிகம். முதல் பிளேஆஃப் ஆட்டத்திலேயே வெளியேறினார்கள். எதிரணியைத் தடுக்கும் பக்கமான டிஃபென்ஸையும் மறக்க வேண்டாம்: 2015-இல் மேனிங் 9 டச்டவுனும் 17 இன்டர்செப்ஷனும் எறிந்தார், அப்படியும் டென்வர் சூப்பர் பவுல் ஜெயித்தது. ஜெயித்துக் கொடுத்தது வேட் ஃபிலிப்ஸ் நடத்திய டிஃபென்ஸ்.

சம்பளப் பட்டியல்

2025-இல் ஓர் அணியின் சம்பள வரம்பு 27.92 கோடி டாலர். முன்னணி குவார்ட்டர்பேக்கின் சராசரி வருடச் சம்பளம் 6 கோடி வரை போகிறது. டாக் பிரெஸ்காட் 2024-இல் அந்தத் தொகைக்குத்தான் கையெழுத்திட்டார். இளம் ஆளின் முதல் ஒப்பந்தம் நான்கு வருடம், முதல் சுற்று ஆளென்றால் அணி விரும்பினால் ஐந்தாவதும் உண்டு. அந்த வருடங்களில் மிச்சமாகும் பணம் லைனுக்கும் டிஃபென்ஸுக்கும் போகிறது. 2022 டிராஃப்டில் கடைசி ஆளாக, 262-வதாக எடுக்கப்பட்ட பிராக் பர்டி 49-யர்ஸை அடுத்த வருடமே சூப்பர் பவுலுக்குக் கொண்டுபோனபோது அவர் சம்பளம் 10 லட்சம் டாலரைத் தொடவில்லை. 2025-இல் அவருக்குக் கிடைத்தது ஐந்து வருடத்துக்கு 26.5 கோடி. இப்படி ஒரு ஒப்பந்தச் செய்தி வந்தால், அடுத்த சீசன் தொடங்கும் முன்பு அந்த அணியின் லைன் ஐவரில் யார் போனார்கள், முதல் மூன்று ரிசீவர்களில் யார் இருக்கிறார்கள் என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அக்டோபரில் குவார்ட்டர்பேக் திடீரென்று மோசமாகிவிட்டதாகப் பேச்சு கிளம்பும்போது அந்தப் பட்டியலைத்தான் முதலில் எடுக்க வேண்டும்.