பழைய காருக்கு ஏற்ற ஸ்பார்க் பிளக்கையும் பிளக் வயரையும் தேர்ந்தெடுப்பது எப்படி?

எங்கள் வீட்டில் ஓடுவது கார்புரேட்டர் பொருத்திய பழைய மாருதி 800. சென்ற ஐப்பசி அடைமழையில் அது காலையில் கிளம்ப மறுத்தது. கிளம்பினாலும் மூன்று சிலிண்டர்களில் ஒன்று வேலை செய்யாமல் உதறிக்கொண்டே ஓடியது. அதைச் சரிசெய்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன். பிளக்கைக் கழற்றுவதிலும் மாட்டுவதிலும் எனக்குச் சிக்கல் எதுவும் வரவில்லை. கடையில் எதைக் கேட்டு வாங்குவது என்பதில்தான் தவறினேன்; ஆகவே அதையே விரிவாகச் சொல்கிறேன். பெட்ரோல் கலவையைப் பொறியால் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக் டீசல் வண்டியில் கிடையாது என்பதால், இது பெட்ரோல் வண்டி வைத்திருப்போருக்கு மட்டுமே பயன்படும்.

முதல் படி: வயர் இருக்கிறதா என்று பார்த்தல்

பானெட்டைத் திறந்து பாருங்கள். எங்கள் வண்டியில், பேட்டரி மின்சாரத்தை உயர் வோல்ட்டாக்கும் இக்னிஷன் காயிலிலிருந்து, அதைப் பிளக்குகளுக்கு முறைவைத்துப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஒரு வயரும், அங்கிருந்து பிளக்குகளுக்கு மூன்று வயர்களுமாக மொத்தம் நான்கு உண்டு. சில கார்களில் டிஸ்ட்ரிபியூட்டர் இல்லாமல், காயில் பேக்கிலிருந்தே வயர்கள் பிளக்குகளுக்குச் செல்லும். இன்றைய கார்கள் பலவற்றில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு காயில் அமர்ந்திருப்பதால், அவற்றுக்கு வயர் வாங்கும் வேலையே இல்லை.

இரண்டாம் படி: பிளக்கின் எண்ணைப் படித்தல்

வண்டியோடு வந்த கையேட்டில் உள்ள பிளக் எண்ணைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பழைய பிளக்கில் உள்ள எண்ணை மட்டும் நம்ப வேண்டாம்; முன்பு வண்டியை வைத்திருந்தவர் தவறான பிளக்கைப் போட்டிருக்கக்கூடும்.

எண்ணைப் படிக்கக் கற்றுக்கொண்டால் கடையில் யாரும் உங்களைக் குழப்ப முடியாது. பரவலாகக் கிடைக்கும் என்ஜிகே நிறுவனத்தின் 'பிபிஆர்6இஎஸ்' என்பதை எடுத்துக்கொள்வோம். முதல் 'பி' 14 மி.மீ. மரையையும், ஸ்பேனர் பிடிக்கும் 20.8 மி.மீ. தலையையும் குறிக்கிறது. அடுத்த 'பி' என்றால் பீங்கான் முனை சற்று வெளியே நீண்டிருக்கிறது என்று பொருள். 'ஆர்' என்றால் உள்ளே மின்தடை இருக்கிறது என்று பொருள். '6' வெப்ப எண். 'இ' என்பது 19 மி.மீ. மரை நீளம், 'எஸ்' என்பது செம்பு உள்ளீடு கொண்ட சாதாரண மைய முனை. கடைசியில் '11' என்று சேர்ந்திருந்தால், பொறி பாயும் இடைவெளி 1.1 மி.மீ. என்று பொருள்.

இவற்றில் மரை நீளத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. 12.7 மி.மீ. போட வேண்டிய இடத்தில் 19 மி.மீ. பிளக்கைப் போட்டால் பிஸ்டன் வந்து அதில் இடிக்கலாம். நேர்மாறாகப் போட்டால், ஹெட்டில் (பிளக் இறங்கும் சிலிண்டர் மேல்மூடியில்) மிச்சமிருக்கும் மரையில் கரி படிந்து, பின்னர் சரியான பிளக்கே உள்ளே இறங்காமல் போகும்.

நான் சறுக்கிய இடம் வெப்ப எண். பிளக்கின் முனை ஏறத்தாழ 500 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் தன் மீது படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். சுமார் 850 டிகிரியைக் கடந்தாலோ, பொறி பாய்வதற்கு முன்பே பெட்ரோல் கலவையைப் பற்றவைத்து இன்ஜினைக் கெடுக்கும். இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் முனையை நிறுத்துவதற்காகத்தான் பிளக்குகளை 'ஹாட்' (முனையின் வெப்பத்தை மெதுவாக வெளியேற்றுவது), 'கோல்டு' (விரைவாக வெளியேற்றுவது) என்று வகைப்படுத்துகிறார்கள்; இதைக் காட்டுவதுதான் வெப்ப எண். என் பிளக்குகள் கரிபிடித்து வந்ததைப் பார்த்த மெக்கானிக் அண்ணன், "ஒரு நம்பர் ஹாட்டாப் போட்டுப் பாருங்க தம்பி" என்றார். அதுவரை நான் பயன்படுத்தியது பாஷ் பிளக். அதில் எண் கூடக்கூட ஹாட். கடையில் பாஷ் இல்லாததால், அதே கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு என்ஜிகே பிளக்கில் 6-க்குப் பதிலாக 7 வாங்கிவந்து மாட்டினேன். என்ஜிகேயிலும் டென்சோவிலும் எண் கூடக்கூட கோல்டு என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஒரே வாரத்தில் மூன்று பிளக்குகளும் கரிக்கட்டைபோல் கறுத்து, வண்டி அடியோடு நின்றுவிட்டது.

நிறுவனம் மாறும்போது இந்த ஒப்பீட்டை நினைவில் கொள்ளுங்கள்: என்ஜிகே 6, டென்சோ 20, பாஷ் 7 ஆகியவை ஏறக்குறைய ஒரே வெப்பநிலைப் பிளக்குகள். அதோடு, எண்ணை மாற்றிக் கரியை விரட்ட முயல்வதே தவறான வழி என்பது என் உறுதியான கருத்து. ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும், சோக் (குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பக் காற்றைக் குறைக்கும் அடைப்பு) முழுமையாகத் திரும்பாவிட்டாலும் பிளக் கறுக்கும். எங்கள் வண்டியில் சோக் கேபிள்தான் சிக்கியிருந்தது. அதைச் சரிசெய்துவிட்டுக் கையேட்டில் உள்ள எண்ணையே போட்டபின் பிளக்கின் முனை வெளிர்பழுப்பாக, ஆரோக்கியமாக இருக்கிறது.

மூன்றாம் படி: சாதாரணப் பிளக்கா, இரிடியமா?

கார்புரேட்டர் வண்டிக்குச் சாதாரண நிக்கல் முனைப் பிளக்கே போதும் என்பேன். இரிடியம் நெடுநாள் உழைக்கும். ஆனால் பத்து நிமிடத்தில் கழற்றி மாட்டக்கூடிய மூன்று பிளக்குகளுக்கு அவ்வளவு செலவு தேவையில்லை. கம்பெனியே இரிடியம் போட்டு விற்ற காரில் மட்டும், மலிவுக்காகச் சாதாரணப் பிளக்குக்கு இறங்காதீர்கள். அதில் மாற்ற வேண்டிய கால இடைவெளி இரிடியத்தின் ஆயுளை நம்பியே வகுக்கப்பட்டிருக்கும்.

போலிகள் அதிகம் புழங்குவதால், சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கே போனாலும் அங்கீகாரம் பெற்ற கடையில் பில்லோடு வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் மல்டிமீட்டரில் பிளக்கின் தலைமுனைக்கும் மைய முனைக்கும் இடையே அளந்து பாருங்கள். 'ஆர்' என்று அச்சிட்டிருந்தால் சுமார் 5 கிலோ ஓம் அளவில் காட்ட வேண்டும். எதுவுமே இல்லாததுபோல் சுழியம் காட்டினால், அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கீழே விழுந்த பிளக்கையும் பயன்படுத்த வேண்டாம். பீங்கானில் ஏற்பட்ட விரிசல் கண்ணுக்குத் தெரியாது.

நான்காம் படி: வயரைத் தேர்ந்தெடுத்தல்

பிளக்கின் இடைவெளி தேய்ந்து அகல அகல, அதைத் தாண்டக் கூடுதல் வோல்ட் தேவைப்படுகிறது. அந்த அழுத்தம் முழுவதையும் தாங்குவது வயரின் உறைதான். உறையில் எங்கேனும் வெடிப்பு இருந்தால், பொறி பிளக்குக்குப் போகாமல் பக்கத்து இரும்பில் பாய்ந்துவிடும். மழைக்காலத்தில் ஈரம் அதற்கு வழி அமைத்துக் கொடுக்கிறது. இதைக் கண்டுபிடிக்க, இரவில் விளக்கணைத்துவிட்டு இன்ஜினை ஓடவிட்டு, வயர்கள் மீது லேசாகத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். கசியும் இடத்தில் நீலப்பொறி பறக்கும். பொறியைத் தேடும் ஆர்வத்தில் வயரையோ பெல்ட்டையோ தொட்டுவிடாதீர்கள். அந்த வயரில் ஓடுவது இருபதாயிரம் வோல்ட்டையும் தாண்டக்கூடியது.

பிளக்குகளுக்குச் செல்லும் வயர்களைக் கழற்றி மல்டிமீட்டரில் அளக்கும்போது, நீளமான வயரில் மின்தடை கூடுதலாகவும் குட்டையானதில் குறைவாகவும் இருப்பது இயல்பு. ஒன்று மட்டும் இந்த ஒழுங்குக்கு அடங்காமல் எகிறினால், அதுதான் குற்றவாளி. ஆனாலும் மாற்றும்போது முழு செட்டாகவே மாற்றுங்கள்; ஒரே வெப்பத்தில் ஒரே காலம் உழைத்த மற்றவையும் விரைவில் அந்த நிலைக்கு வந்துவிடும்.

உங்கள் மாடலுக்கென்றே நீளம் அளந்து செய்த, சிலிக்கான் உறை போட்ட, மின்தடை உள்ள செட்டைக் கேளுங்கள். மின்தடையில்லாத வெறும் செம்புக் கம்பி வயர் ரேடியோவில் இரைச்சலைக் கொண்டுவரும். கம்ப்யூட்டர் வைத்த வண்டிகளில் அதன் வேலையையும் குழப்பக்கூடும். 8 மி.மீ. தடிமனான வயர் போட்டால் இழுவை கூடும் என்பதை நம்பாதீர்கள். தடிமன் கூடினால் கூடுவது உறைதான்.

ஐந்தாம் படி: மாட்டுதல்

இன்ஜின் முழுமையாக ஆறிய பிறகே தொடங்குங்கள். வயரைப் பிடித்து இழுக்காமல், ரப்பர் தொப்பியைத் திருகி உருவுங்கள். ஒரு வயரைக் கழற்றி, அதன் புதிய வயரை மாட்டிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள். எங்கள் வண்டியின் எரிப்பு வரிசை 1-3-2. இரண்டு வயர்கள் இடம் மாறினாலே வண்டி வெடித்து இருமும். ஃபீலர் கேஜால் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளால்) பிளக்கின் இடைவெளியைச் சரிபாருங்கள். குறைக்கவோ கூட்டவோ வேண்டுமானால் வெளிமுனையை மட்டுமே வளைக்க வேண்டும். பிளக்கைக் கையாலேயே கடைசி வரை திருகி, அது உட்கார்ந்த பிறகு, புதிய வாஷர் உள்ள பிளக்காக இருந்தால் ஸ்பேனரால் அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு பங்குச் சுற்று வரை இறுக்கினால் போதும். டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இருந்தால், 14 மி.மீ. பிளக்குக்கு அலுமினிய ஹெட்டில் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். காந்தமோ ரப்பர் பிடியோ உள்ள பிளக் சாக்கெட்டை வாங்கிக்கொள்ளுங்கள். டூல் கிட்டில் வரும் குழாய் ஸ்பேனர் சாய்ந்து, பீங்கானை உடைத்துவிடுகிறது.

பிற்சேர்க்கை: புதிய பிளக் போட்ட பிறகும் மிஸ்ஸிங் (ஒரு சிலிண்டர் வேலை செய்யாமல் உதறுவது) நிற்கவில்லை என்று இரண்டு வாசகர்கள் எழுதியிருந்தார்கள். விசாரித்ததில், இருவரும் பிளக்கின் தலையில் உள்ள சிறிய நட்டைக் கவனிக்கவில்லை. சில பிளக்குகளில் அது தனியாகக் கழலக்கூடியது. இருசக்கர வண்டிகள் சிலவற்றின் தொப்பிக்கு அந்த நட்டு தேவையில்லை. கார் வயரின் தொப்பியோ அதைத்தான் கவ்விப் பிடிக்கும். ஒருவருக்கு நட்டு தளர்ந்திருந்தது. மற்றவர் அதைப் பெட்டியிலேயே விட்டுவிட்டார். மாட்டுவதற்கு முன் பிளையரால் அதை மெதுவாக இறுக்கிவிட்டு, 'டக்' என்ற சத்தம் கேட்கும் வரை தொப்பியை அழுத்துங்கள்.