ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும் பழைய டீசல் பிக்கப்: பம்பைக் கழற்றுவதற்கு முன்

காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது, ஓடும்போதும் அவ்வப்போது அணைந்துவிடுகிறது என்ற குறையோடு வரும் பழைய டீசல் பிக்கப்புகளில், முதல் பழி சிலிண்டர்களுக்கு உயர் அழுத்தத்தில் டீசலைத் தள்ளும் டீசல் பம்பின் மீதுதான் விழுகிறது. கழற்றிச் சீர்செய்ய அதிகம் செலவாகும் உறுப்பும் அதுவே என்பதால், அதைக் கடைசியாகச் சந்தேகிப்பதே முறை. இங்கே கூறப்படுவது காமன் ரெயில் (கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் டீசல் முறை) வருவதற்கு முந்தைய, மெக்கானிக்கல் பம்ப் பொருத்திய வண்டிகளுக்கு உரியது.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ள வேண்டும். எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூடு ஏறாது. ஆகவே பேட்டரியிலிருந்து தொடங்குங்கள். இரவு முழுவதும் நின்ற வண்டியில் மல்டிமீட்டர் 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்கும் கீழே இறங்கினால் பேட்டரியையோ செல்ஃப் மோட்டாரையோ கவனிக்க வேண்டும். பேட்டரி நன்றாக இருந்தும் சுற்று மந்தமாக இருந்தால், மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸிலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிள் துருப்பிடித்திருக்கிறது அல்லது தளர்ந்திருக்கிறது.

எஞ்சின் வேகமாகச் சுற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லையென்றால், ஒருவரைச் சாவி போடவைத்துவிட்டு நீங்கள் சைலன்சர் முனையைப் பாருங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, ஆனால் எரியவில்லை என்று பொருள். ஸ்டார்ட் செய்யுமுன் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினாயின் அவற்றையும், பிறகு வால்வ் இடைவெளியையும் கம்ப்ரஷனையும் சோதிக்க வேண்டும். புகையே இல்லையென்றால் டீசல் சிலிண்டருக்குப் போய்ச் சேரவில்லை. இந்நிலையில் ஈதர் கலந்த ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரேயை அடிப்பவர்கள் உண்டு. ஹீட்டர் பிளக் சூடாக இருக்கும்போது அது வெடித்து எஞ்சினையே சிதைக்கக்கூடும்.

டீசல் வராததற்கு நான் முதலில் தேடும் காரணம், லைனில் ஏர் எடுப்பதுதான். டேங்கிலிருந்து, டீசலை உறிஞ்சி டீசல் பம்புக்கு அனுப்பும் ஃபீடு பம்ப் வரையுள்ள குழாயில் டீசல் உறிஞ்சப்பட்டு வருவதால், அங்கே சிறு விரிசல் இருந்தாலும் ஓடும்போது டீசல் வெளியே கசியாமல் காற்று உள்ளே போகும். தரையில் ஒரு சொட்டுகூட விழாததால் யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை. இரவில் அந்தக் காற்று இடம்பிடிக்க, டீசல் டேங்குக்கே திரும்பி இறங்கிவிடும். காலையில் சாவி போடுவதற்கு முன் ஹேண்ட் பிரைமரை (கையால் அடித்து லைனில் டீசலை நிரப்பும் சிறு பம்ப்) இறுகும் வரை அடித்துப் பாருங்கள். அதன்பின் உடனே ஸ்டார்ட் ஆனால், குறை ஏறக்குறைய உறுதியாகிவிட்டது.

இடத்தைக் கண்டுபிடிக்க, ஃபீடு பம்புக்குள் வரும் குழாயைக் கழற்றிவிட்டு, டீசல் நிரப்பிய ஒரு சிறு கேனிலிருந்து தனிக் குழாய் கொடுத்து எஞ்சினை நின்ற இடத்திலேயே ஓடவிடுங்கள். கேன் சைலன்சர் சூட்டுக்குத் தள்ளி அசையாமல் இருக்கட்டும். குறை மறைந்தால் அது டேங்குக்கும் ஃபீடு பம்புக்கும் இடையில் இருக்கிறது. மறையாவிட்டால் ஃபீடு பம்ப், பிரைமர், ஃபில்டர் சீல் ஆகியவற்றைப் பாருங்கள். கிளிப்புக்கு அடியில் வெடித்த ரப்பர் குழாயும், கழற்றிய பிறகு மீண்டும் போடப்பட்ட பழைய செம்பு வாஷரும் மிகச் சாதாரணமான காரணங்கள். டேங்கில் பாதிக்குக் கீழே டீசல் இறங்கினால் மட்டும் வண்டி அணைகிறது என்றால், டேங்குக்குள் இருக்கும் உறிஞ்சு குழாயில் ஓட்டை விழுந்திருக்கலாம்.

ஓட்டத்தில் அணையும் விதமும் சாட்சி சொல்லும். சாவியை அணைத்ததுபோல் சட்டென்று நின்றால், பம்பில் உள்ள, மின்சாரம் நின்றதும் டீசலை அடைக்கும் ஸ்டாப் சொலினாய்டுக்கு வரும் ஒயரை ஆட்டிப் பாருங்கள். திணறித் திணறி நின்று, சிறிது நேரம் கழித்துத் தானாகச் சரியானால் அது டீசல் பற்றாக்குறை. அந்த நேரத்தில் டேங்க் மூடியைத் திறக்கும்போது காற்றை உறிஞ்சும் ஓசை கேட்டால் டேங்குக்குள் காற்று விடும் வென்ட் துளை அடைத்திருக்கிறது. இல்லையெனில் ஃபில்டரையும் டேங்கின் அடியில் சேர்ந்த கசடையும் தண்ணீரையும் பாருங்கள்.

எதைக் கழற்றினாலும் ஃபில்டரில் காற்றை வெளியேற்ற உள்ள பிளீடு ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் வரும் வரை பிரைமர் அடித்த பிறகே மூட வேண்டும். இன்ஜெக்டர் தெளிக்கும் இடத்தில் கை வைக்கக் கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்துவிடும்.

இத்தனையும் சரியாக இருந்து, வண்டி சூடானபின் மட்டும் ஸ்டார்ட் ஆக மறுத்தால், ரோட்டரி பம்ப் (சுழலும் ஒரே பகுதி எல்லா சிலிண்டருக்கும் டீசலைப் பங்கிடும் வகை) உள்ள வண்டிகளில் பம்பின் தலைப்பகுதி மீது ஈரத்துணியைப் போட்டு ஆறவிடுங்கள். ஆறியதும் ஸ்டார்ட் ஆனால் உட்பகுதி தேய்ந்திருக்கிறது. பம்ப் கடைக்குப் போக வேண்டிய நேரம் அதுதான்.