கம்பளியில் சின்னதாக ஒரு கைவினைத் தொழில்: ரோமத்தைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள்

கையில் இருப்பது உண்மையிலேயே கம்பளிதானா என்று முதலில் பாருங்கள், ஏனென்றால் கம்பளி என்ற பெயரில் அக்ரிலிக் என்ற செயற்கை நூல் கைக்கு வந்து சேருவது ரொம்பச் சாதாரணம். நூலில் ஒரு சின்னத் துண்டை வெட்டி, இடுக்கியில் பிடித்து, கீழே ஒரு தட்டில் தண்ணீர் வைத்துக்கொண்டு தீயைக் காட்டுங்கள். கம்பளி என்றால் முடி கருகுகிற நாற்றம் வரும், தீயை விலக்கியதும் தானாக அணையும், மிஞ்சிய கரி ஆறியபின் விரலில் நசுக்கினால் பொடியாகிவிடும். அக்ரிலிக் உருகும், ஆறியதும் கறுப்பு மணி மாதிரி இறுகி நிற்கும். இரண்டும் சேர்ந்து தெரிந்தால் கலப்பு நூல். இயற்கைக் கம்பளி என்று சொல்லி விற்கப்போகிறீர்கள் என்றால், புதிதாக ஒருவரிடம் வாங்கும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்யுங்கள்.

அடுத்தது ரோமத்தின் பருமன். இதை மைக்ரானில் சொல்வார்கள், ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மெரினோ ஆட்டு ரோமம் பொதுவாக 24 மைக்ரானுக்குள் இருக்கும், கோரிடேல் என்ற ஆட்டினத்தின் ரோமம் சுமார் 25 முதல் 31 வரை, கம்பளம் நெய்கிற முரட்டு ரோமம் அதற்கும் மேலே போகும். ரோமம் 30 மைக்ரானைத் தாண்டும்போது அதன் நுனி வளையாமல் தோலைக் குத்தும். “எனக்குக் கம்பளி ஒத்துக்கொள்ளாது” என்று சொல்கிறவர்களில் பலருக்கு உண்மையில் ஒத்துக்கொள்ளாதது இந்த முரட்டு நுனிகள்தான். அதனால் கழுத்திலும் தலையிலும் படுகிற பொருளுக்கு மெல்லிய ரோமம்தான் வேண்டும். நூலைக் கையில் தொட்டுப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், உள்ளங்கைத் தோல் தடிமன். தாடைக்குக் கீழே கொஞ்ச நேரம் வைத்திருந்து பாருங்கள். அங்கே உறுத்தினால் அந்த ரோமம் கைப்பைக்கும் மிதியடிக்கும் மேசை விரிப்புக்கும் போகட்டும், அந்த வேலைக்கு மெரினோவைவிட அது நன்றாகவே உழைக்கும்.

வெட்டிய ரோமத்தை அப்படியே மூட்டையாக வாங்கினால் மலிவு என்று தோன்றும். அதில் லானோலின் என்ற கொழுப்பும் வியர்வை உப்பும் மண்ணும் இருக்கின்றன, கழுவி முடித்தால் எடையில் மூன்றில் ஒரு பங்கோ பாதியோகூடப் போய்விடும். கழுவுவதற்கு 60 டிகிரி அளவுக்குச் சூடான தண்ணீர் வேண்டும், கிளறவே கூடாது, அலசுகிற தண்ணீரும் கிட்டத்தட்ட அதே சூட்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ரோமம் அங்கேயே சிக்கி இறுகிவிடும். தொடங்கும்போது கழுவிச் சீவிய ரோமமோ நூற்ற நூலோ வாங்குங்கள். தக்களியில் நீங்களே நூற்க ஆசை இருந்தால் தாராளமாகக் கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் முதல் வருமானத்தை அதை நம்பி வைக்காதீர்கள், நூற்பது நேரத்தை விழுங்குகிற வேலை.

சரி, என்ன செய்து விற்பது? ஸ்வெட்டர் வேண்டாம் என்பேன். அளவுப் பிரச்சினை, திருப்பி அனுப்புகிற பிரச்சினை, ஒன்றை முடிக்கவே பல நாள். தொப்பி, கழுத்துத் துணி, ஃபெல்ட் (நெய்யாமல் பின்னாமல் ரோமத்தையே இறுக்கிச் செய்கிற துணி) பை, துணி உலர்த்தும் இயந்திரத்தில் போடுகிற கம்பளிப் பந்து, கோப்பை வைக்கும் வட்டத் தட்டு என்று சின்னப் பொருள்களில் ஒன்றை மட்டும் எடுத்து, நாலைந்து நிறத்தில் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். கை பழகும், வேகம் கூடும், வாங்குகிறவருக்கும் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று மனதில் நிற்கும்.

ஃபெல்ட் வேலைக்குக் கருவி குறைவு, அதனால் பலருக்கு அது நல்ல தொடக்கம். ரோமத்தின் மேல் நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. சூடு, சோப்புத் தண்ணீர், உரசல் மூன்றும் சேரும்போது அவை ஒன்றோடொன்று பூட்டிக்கொள்கின்றன. ‘சூப்பர்வாஷ்’ என்று போட்ட கம்பளியில் அந்தச் செதில்களை மழுக்கி மேலே பூச்சும் கொடுத்திருப்பார்கள், அது ஃபெல்ட் ஆகாது, அதைக் காலுறைக்கும் குழந்தைத் துணிக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு மாதிரித் துண்டு செய்யுங்கள். 30 சென்டிமீட்டர் சதுரத்தில் ரோமத்தை மெல்லிசாகப் பிரித்துப் பரப்புங்கள், அடுத்த அடுக்கைக் குறுக்காகப் போடுங்கள், இன்னும் ஒன்றிரண்டு அடுக்கு, ஒளியில் தூக்கிப் பார்த்தால் எங்கேயும் ஓட்டை தெரியக் கூடாது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரைத் தெளித்து, மேலே ஒரு வலைத்துணி போட்டு, முதலில் விரல் பட்டும் படாமலும் தேயுங்கள், அவசரப்பட்டு அழுத்தினால் அடுக்கு நகர்ந்துவிடும். கொஞ்ச நேரம் கழித்து மேற்பரப்பை இரண்டு விரலால் கிள்ளித் தூக்குங்கள். தனித்தனி இழையாக எழும்பினால் இன்னும் ஆகவில்லை, தோல் மாதிரி முழுதாக எழும்பினால் அடுத்த கட்டத்துக்கு வந்துவிட்டது. இனிமேல் சுருட்டி உருட்டி, நாலு பக்கமும் திருப்பித் திருப்பி அழுத்தலாம். முடிந்ததும் அளந்தால் 20 சென்டிமீட்டருக்கு வந்திருக்கிறது என்று வையுங்கள், அப்படியானால் அந்த ரோமம் மூன்றில் ஒரு பங்கு சுருங்குகிறது, 20 வேண்டுமென்றால் 30-ல் தொடங்க வேண்டும். ரோமம் மாறினால் இந்தக் கணக்கும் மாறும், ஒவ்வொன்றுக்கும் குறித்து வையுங்கள்.

ஊசியால் குத்திச் செய்கிற ஃபெல்ட் பொம்மைக்கு 36, 38, 40 எண் ஊசிகள் போதும், எண் கூடக்கூட ஊசி மெலியும். உருவம் பிடிக்க 36, கடைசி மெருகுக்கு 40. நுழைந்த கோணத்திலேயே வெளியே இழுங்கள், சாய்த்தால் ஊசி ஒடியும். ஒடிந்த நுனியைக் கண்டுபிடிக்காமல் அந்தப் பொம்மையை விற்கவே கூடாது.

நிறத்துக்கு அவசரம் வேண்டாம். ஆட்டு ரோமத்திலேயே வெள்ளை, சாம்பல், பழுப்பு, கறுப்பு இருக்கின்றன, அதை வைத்தே அழகான வரிசை ஒன்று போடலாம். இயற்கைச் சாயம் போடுவதானால் உலர்ந்த ரோமத்தின் எடையில் 10 முதல் 15 சதவீதம் படிகாரம் (சாயம் ரோமத்தில் பிடிப்பதற்கு) எடுத்து முதலில் அதில் ஊற வைத்துச் சூடாக்குங்கள், அப்புறம் சாயம். கொதிக்க விடாமல் மெல்லச் சூடேற்றி, பாத்திரத்திலேயே ஆற விடுங்கள். அந்தப் பாத்திரம் சமையலுக்குத் திரும்பக் கூடாது. காய்ந்த பிறகு ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள், நிறம் ஒட்டினால் விற்பனைக்கு ஆகாது.

எந்தப் பொருளானாலும் விற்பதற்கு முன் அதில் ஒன்றையாவது நீங்களே துவைத்துப் பார்த்திருக்க வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள், வாங்கியவர் உங்களை நம்புவதும் நம்பாமல் போவதும் அவர் வீட்டில் நடக்கும் முதல் சலவையில்தான். பின்னுகிறவர்கள் மாதிரித் துண்டைத் துவைத்துக் காய வைத்த பிறகே கண்ணிகளை எண்ணுங்கள். துவைக்கும் முறையை அட்டையில் தெளிவாக எழுதுங்கள்: குளிர்ந்த தண்ணீர், கம்பளிக்கான சோப்புத் திரவம், தேய்க்காமல் முறுக்காமல் துண்டில் சுருட்டி அழுத்தி, தட்டையாக விரித்து நிழலில் உலர்த்தவும். குளோரின் பிளீச் கம்பளியைக் கரைத்துவிடும். கறை நீக்க என்சைம் கலந்த சலவைத்தூளும் ஆகாது, அதில் உள்ள புரதம் தின்னும் என்சைமுக்குக் கம்பளியும் புரதம்தான்.

அதே அட்டையில் இழையின் பெயரும் சதவீதமும் வேண்டும், பல நாடுகளில் சட்டமே கேட்கிறது. உள்ளே பாலியஸ்டர் பஞ்சு அடைத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். கம்பளிக்குத் தரச் சான்றாகப் போடுகிற, 1964-ல் வந்த வுல்மார்க் சின்னத்தை உரிமம் இல்லாமல் போடக் கூடாது. குழந்தை பொம்மைக்குத் தனிப் பாதுகாப்பு விதிகள் உண்டு, உங்கள் நாட்டு விதியைப் படித்துவிட்டுத்தான் அந்தப் பக்கம் போக வேண்டும், பிய்ந்து வரக்கூடிய கண்ணும் பொத்தானும் சின்னக் குழந்தை கைக்குப் போகக் கூடாது.

விலைக்கு வருவோம், அதிகம் பேர் தடுமாறுவது இங்கேதான். நூலை எடை போட்டுப் பொருள் செலவு எழுதுங்கள். கடிகாரம் வைத்து நேரம் எழுதுங்கள், பின்னிய நேரம் மட்டும் போதாது, துவைத்தது, படம் எடுத்தது, பொதிந்தது எல்லாம் நேரம்தான். அதற்கு நியாயமான கூலி, அதோடு ஊசி, அட்டை, விற்பனைத் தளம் எடுக்கும் கமிஷன். இதெல்லாம் கூட்டினால் வருவது அடக்க விலை, அதன் மேல் லாபம். கடைகளுக்குக் கொடுத்தால் சில்லறை விலையில் பாதி அளவுதான் பெரும்பாலும் கையில் வரும், அந்தப் பாதியே அடக்க விலைக்கு மேலே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் வடிவத்தை எளிமையாக்குங்கள், கூலியை வெட்டாதீர்கள். அக்ரிலிக் தொப்பியின் விலையோடு போட்டி போடவே போடாதீர்கள்.

இருப்பு வைக்கும்போது அந்துப்பூச்சி கவனம். பூச்சியைவிட அதன் புழுதான் கம்பளியைத் தின்கிறது, இருட்டில் அசையாமல் கிடக்கிற மூட்டை அதற்குப் பிடித்த இடம். புதிதாக வந்த ரோமத்தைப் பையில் இறுக்கக் கட்டி, உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்து அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பையைத் திறங்கள். அந்துருண்டை வேண்டாம், அந்த நாற்றத்தோடு பொருளை அனுப்ப முடியாது.

கம்பளி குளிருக்கு விற்கிற பொருள், கோடையிலேயே செய்து சேருங்கள். படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் எடுங்கள், ஒரு படத்தில் கை தெரியட்டும், அளவு புரியும், இன்னொன்றில் இழை தெரிகிற அளவுக்குக் கிட்டே போங்கள். முடிந்தால் நேரில் விற்கும் சந்தைகளில் உட்காருங்கள், தொட்டுப் பார்த்து வாங்குகிறவர்கள் என்ன கேட்கிறார்கள், எதைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்ப வைக்கிறார்கள் என்பது அங்கேதான் தெரியும். ஒவ்வொரு பொருளோடும் அதே நூலில் ஒரு முழம் சுற்றி வைத்து அனுப்புங்கள், எங்கேயாவது பிரிந்தால் அவர்களே தைத்துக்கொள்ளலாம்.