பொரிச்சது, வறுத்ததுல வர்ற அக்ரிலமைடை உடம்பு என்ன பண்ணுது, அடுப்புலயே எப்படி குறைக்கறது

அக்ரிலமைடுங்கறது பொரிக்கும்போதும் வறுக்கும்போதும் உருவாகற, உடம்புக்கு கெடுதல் பண்ணக்கூடிய ஒரு வேதிப்பொருள். "அதான் லிவர் இருக்கே, எல்லாத்தையும் அது கழிச்சு வெளிய தள்ளிரும்"னு நிறைய பேர் நம்புறாங்க, அது பாதிதான் உண்மை, மீதி பாதியும் தெரிஞ்சாதான் எங்க கவனமா இருக்கணும்னு புரியும்.

உருளைக்கிழங்கு, கோதுமை மாதிரி மாவுச்சத்து உள்ளதுல அஸ்பராஜின்னு ஒரு அமினோ அமிலம் இருக்கு. அது குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் மாதிரி சர்க்கரையோட சேர்ந்து சுமார் 120 டிகிரி செல்சியஸுக்கு மேல சூடாகும்போது அக்ரிலமைடு உருவாகுது, நமக்குப் பிடிச்ச அந்த ப்ரவுன் கலரும் வாசனையும் வர்ற அதே ரியாக்‌ஷன்தான். சாப்பாட்டுல இது இருக்குன்னு 2002ல ஸ்வீடன்ல கண்டுபிடிச்சு சொன்னாங்க. தண்ணில வேகவைக்கும்போது சூடு அவ்வளவு ஏறாது, அதனால அதுல அனேகமா வர்றதில்ல.

சாப்பிட்டதும் இது குடல்ல சீக்கிரமே உறிஞ்சப்பட்டு ரத்தத்தோட உடம்பு முழுக்க போயிடுது, கர்ப்பமா இருந்தா நஞ்சுக்கொடிய தாண்டி குழந்தைக்கும் போகும். அப்புறம் ரெண்டு வழி. ஒண்ணு, உடம்புலயே இருக்கற குளூட்டாதயோன்ங்கற பொருள் வந்து அதோட ஒட்டிக்கிட்டு, மெர்காப்சூரிக் ஆசிட்ங்கற கழிவா மாத்தி யூரின்ல அனுப்பிடுது. இது நல்ல வழி. இன்னொண்ணு, லிவர்ல இருக்கற சிஒய்பி2இ1ங்கற என்சைம் அதுல ஆக்சிஜன சேர்த்து கிளைசிடமைடுங்கற பொருளா மாத்துது, அதாவது கழிக்கறதுக்குன்னு இருக்கற என்சைமே முதல்ல இருந்தத விட மோசமான ஒண்ண செஞ்சு விட்டுடுது, ஏன்னா இந்த கிளைசிடமைடு டிஎன்ஏல போய் ஒட்டி, அத சேதப்படுத்தி, புற்றுநோய்க்கு வழி செய்யக்கூடியது. இதையும் குளூட்டாதயோன் பிடிக்கும், வேற ஒரு என்சைம் தண்ணி சேர்த்து செயலிழக்க வைக்கும், ஆனா எல்லாமே மாட்டிடும்னு சொல்ல முடியாது. கொஞ்சம் ரத்தச் சிவப்பணுல இருக்கற ஹீமோகுளோபின்லயும் ஒட்டிக்கும், சிவப்பணுவோட ஆயுசு சுமார் 120 நாள்ங்கறதால ரத்தத்த டெஸ்ட் பண்ணா போன சில மாசமா எவ்வளவு உள்ள போயிருக்குன்னு தெரிஞ்சுடும். சிகரெட் பிடிக்கறவங்களுக்கு இது நல்லாவே கூடுதலா இருக்கும், புகையிலயும் அக்ரிலமைடு இருக்கு.

பயமுறுத்த சொல்லல. விலங்குகள்ல புற்றுநோய் வர்றது உறுதியாகி, 1994லயே இத 'மனுஷங்களுக்கும் அனேகமா வரவைக்கும்'ங்கற பட்டியல்ல உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு சேர்த்துடுச்சு, ஆனா சாப்பாடு மூலமா மனுஷங்களுக்கு வருதான்னு இன்னும் தெளிவா நிரூபணம் ஆகல.

அதனால டீடாக்ஸ் ஜூஸ், பவுடர்னு வாங்கி இத சரிகட்டிடலாம்னு தயவுசெஞ்சு நம்பாதீங்க. தினமும் மது குடிச்சா சிஒய்பி2இ1 அதிகமாகும், அதனால குடிய விடறது நல்லது. குளூட்டாதயோன உடம்பே மூணு அமினோ அமிலத்துல இருந்து செஞ்சுக்குது, போதுமான புரதம் சாப்பிட்டா சரி. மத்தபடி நம்ம கைல இருக்கறது உள்ள போற அளவுதான்.

பொரிக்கப் போற உருளைக்கிழங்க ஃப்ரிட்ஜ்ல வைக்காதீங்க, குளிர்ல அதோட மாவுச்சத்து சர்க்கரையா மாறி, பொரிக்கும்போது அக்ரிலமைடு ஏறலாம். நறுக்கி அரை மணி நேரம் தண்ணில ஊறவச்சு, வடிச்சு, ஈரத்த நல்லா துடைச்சுட்டு போடுங்க. ரொம்ப மெல்லிசா வெட்டாதீங்க. எண்ணெய் 175 டிகிரிக்கு மேல போகாம பாத்துக்கங்க, பொன்னிறம் வந்ததும் எடுத்துடுங்க, ப்ரவுன் ஆகறவரைக்கும் விடவே கூடாது, இது ஒண்ணு மட்டும் பண்ணாலும் பெரிய வித்தியாசம். பிரெட் டோஸ்ட்டும் அப்படித்தான், கருகினத சுரண்டி எடுத்துடுங்க. சின்னக் குழந்தைங்களுக்கு எடைக்கு ஏத்தபடி பாத்தா நம்மள விட அதிகமா உள்ள போகுது, அவங்க தட்டுல வைக்கறதுல கூடுதலா கவனம் வேணும்.

கறி சுடறப்போ வர்ற பொருள்கள் வேற, பென்சோபைரீன் மாதிரி, ஆனா லிவர் அதையும் இதே மாதிரி முதல்ல டிஎன்ஏல ஒட்டற மாதிரி மாத்திடுது. தீ நேரா படாம, அடிக்கடி திருப்பிப் போட்டு சுடுங்க, முன்னாடியே பாதி வேகவச்சுட்டா தீ மேல இருக்கற நேரம் குறையும், கருப்பான ஓரத்த வெட்டிட்டு சாப்பிடுங்க.