ஸ்போர்ட்ஸ் காரில் ஷாக் அப்சார்பரும் புஷ்ஷும் மாற்றுதல்

ஷாக் அப்சார்பர்களை ஒரே அச்சின் இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். காரை ஜாக்கியில் மட்டும் விடாமல் ஸ்டாண்டுகளின் மேல் அமர்த்தி, காயில் ஸ்பிரிங்கைக் கம்ப்ரஸரால் அழுத்திப் பிடித்த பிறகே ஸ்ட்ரட்டின் (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த பாகம்) மேல் நட்டைக் கழற்றுங்கள்; இங்கே அவசரப்பட்டால் உயிருக்கே ஆபத்து.

பலரும் தவறுவது புஷ்ஷில்தான், அதாவது சஸ்பென்ஷன் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் உருளையில்தான். போல்ட்டை இறுக்கியதும் ரப்பர் புஷ்ஷின் உள்குழல் அசையாமல் பிடிபட்டுவிடுவதால், கண்ட்ரோல் ஆர்ம் (சக்கரப் பகுதியை வண்டியின் உடலோடு இணைக்கும் கை) ஏறி இறங்கும்போதெல்லாம் ரப்பர்தான் முறுகிக் கொடுக்கிறது. சக்கரம் தொங்கும் நிலையிலேயே முழுவதும் இறுக்கினால், கார் சும்மா நிற்கும்போதும் ரப்பர் முறுகியே கிடந்து விரைவில் கிழிந்துவிடும். ஆகவே போல்ட்டை முதலில் விரலால் மட்டும் திருகிவிட்டு, வண்டியின் எடை சக்கரங்களில் இறங்கிய பின், தயாரிப்பாளரின் கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள். பிறகு வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணச் சரிபார்ப்பு) பார்த்தே ஆக வேண்டும்.