சவூதி அரேபியாவில் தொழில் செய்ய: பணம் வரும் வழியும் நம்பிக்கை வளரும் வழியும்

சவூதி அரேபியாவில் பொருள் விற்கவோ, ஒப்பந்தப் பணி எடுக்கவோ, நிறுவனம் பதிவு செய்யவோ எண்ணுபவர், தமக்குப் பணம் தரப்போகிறவருக்கு அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் கண்டறிய வேண்டும். 1938இல் தம்மாம் ஏழாம் எண் கிணற்றில் வணிக அளவில் எண்ணெய் கிடைத்தது. அதன் பிறகு வளர்ந்த பொருளாதாரத்தில், எண்ணெய் வருவாய் அரசுக்குச் செல்கிறது. அரசு அதைச் சாலை, மருத்துவமனை, புதிய நகரம் என்று செலவிடுகிறது. அந்தச் செலவை நம்பிப் பெரிய ஒப்பந்ததாரர்களும், அவர்களுக்குக் கீழே துணை ஒப்பந்ததாரர்களும், அவர்களுக்குச் சரக்கு தரும் வணிகர்களும் இயங்குகிறார்கள். 2014இன் பிற்பகுதியில் எண்ணெய் விலை சரிந்தபோது, அரசு தரவேண்டிய தொகைகள் தாமதமாயின. 2016இல் ஜித்தாவில் ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் சம்பளமின்றி முகாம்களில் சிக்கிக்கொண்டதை இந்திய அரசே தலையிட்டுத் தீர்க்க வேண்டியதாயிற்று.

ஆகவே ஒரு வாடிக்கையாளரை ஏற்குமுன், அவருக்கும் அரசுக் கருவூலத்துக்கும் இடையே எத்தனை படிகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். மூன்றாம் படியில் இருக்கும் துணை ஒப்பந்ததாரர், மேலே இருப்பவர் கொடுத்த பின்புதான் உங்களுக்குக் கொடுப்பார். அவர் நேர்மையானவர் என்பது மட்டும் உங்கள் பணத்தை விரைவாகக் கொண்டுவராது. முன்பணம், வங்கி தரும் சரக்குக் கடனுறுதிக் கடிதம், கட்டம் கட்டமாகப் பணம் பெறும் ஏற்பாடு ஆகியவற்றை விலை பேசும்போதே பேசிவிட வேண்டும். ஆண்டுதோறும் ஆண்டிறுதியில் வெளியாகும் அரசின் வரவு செலவுத் திட்டத்தைப் படிப்பதும் பயன் தரும். எந்தத் துறைக்குப் பணம் கூடுகிறது, எதற்குக் குறைகிறது என்பது உங்கள் அடுத்த ஆண்டு விற்பனையை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடும்.

2016 ஏப்ரலில், அப்போது துணைப் பட்டத்து இளவரசராக இருந்த முகம்மது பின் சல்மான் முன்வைத்த ‘தொலைநோக்கு 2030’ திட்டம், எண்ணெயை மட்டும் நம்பியிருக்கும் நிலையை மாற்ற முயல்கிறது. சுற்றுலா, கனிமம், பொழுதுபோக்கு, தொழிற்சாலை உற்பத்தி ஆகிய துறைகள் திறந்துவிடப்பட்டுள்ளன. ஆனால் இந்தப் புதிய துறைகளிலும் பெரிய முதலீட்டாளர், 1971இல் தொடங்கப்பட்ட அரசின் பொது முதலீட்டு நிதியம்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. வாய்ப்புகள் பெருகியிருக்கின்றன, ஆனால் அவற்றின் ஊற்று பெரும்பாலும் பழைய இடத்திலேயே இருக்கிறது. ரியாலின் மதிப்பு 1986 முதல் ஒரு டாலருக்கு 3.75 என்று நிலைநிறுத்தப்பட்டிருப்பதால், டாலரில் கணக்குப் பார்ப்பவருக்கு நாணய இடர் குறைவு; ரூபாயில் செலவு செய்து ரியாலில் வரவு பெறுபவருக்கோ அந்த இடர் முழுவதும் இருக்கிறது.

எந்த ஊரில், யாரோடு

ரியாத்தில் அமைச்சகங்களும் முதலீட்டு நிதியமும் இருப்பதால் பெரிய முடிவுகள் அங்கே எடுக்கப்படுகின்றன. ஜித்தா துறைமுக நகரம். ஹஜ் பயணிகள் வழியாகப் பல நூற்றாண்டுகளாக அயல்நாட்டாரோடு பழகிய வணிகக் குடும்பங்கள் வாழும் ஊர். இறக்குமதியும் மொத்த வியாபாரமும் அங்கே இயல்பாக நடைபெறும். கிழக்கு மாகாணத்தில் தம்மாம், தஹ்ரான், ஜுபைல் ஆகிய ஊர்கள் எண்ணெயையும் இரசாயனத் தொழிலையும் சுற்றி அமைந்தவை. அங்கே தரச்சான்றும் பாதுகாப்பு விதிகளும் பேச்சுத்திறனைவிட முக்கியம். முஸ்லிம் அல்லாதவர் மக்கா நகருக்குள் செல்ல முடியாது என்பதால், அங்குள்ள விடுதிகளோடு தொழில் செய்ய விரும்புபவர் சந்திப்புகளை ஜித்தாவில் வைத்துக்கொள்வது வழக்கம்.

2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 3.22 கோடி பேர் வாழ்கிறார்கள், அவர்களில் 41.6 விழுக்காட்டினர் வெளிநாட்டவர். சவூதிக் குடிமக்களில் 63 விழுக்காட்டினர் 30 வயதுக்குக் கீழே இருப்பவர்கள். இந்த இரண்டு எண்களும் சந்திப்பு அறையில் கண்முன் தெரியும். உங்களோடு தினமும் பேசும் கணக்காளர் எகிப்தியராகவோ, கொள்முதல் மேலாளர் கேரளத்தவராகவோ, பொறியாளர் ஜோர்தானியராகவோ இருக்கலாம். அவர்களின் பழக்கவழக்கத்தை அறிந்து மதிப்பது, உரிமையாளரின் பழக்கவழக்கத்தை அறிவதைப் போலவே அவசியம். ஆயினும் இறுதி முடிவு குடும்பத்தின் மூத்தவரிடமோ தலைமை அதிகாரியிடமோதான் இருக்கும். மேலாளர் மகிழ்ச்சியோடு தலையசைத்ததை ஒப்புதலாக எடுத்துக்கொண்டு சரக்கை அனுப்பிவிடக் கூடாது. கையெழுத்திடும் அதிகாரம் யாருக்கு என்பதை நிறுவனத்தின் வணிகப் பதிவுச் சான்றில் பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

மஜ்லிஸில் (விருந்தினரை வரவேற்கும் கூடத்தில்) நடப்பது

முதல் சந்திப்பில் விலைப்பட்டியலை எடுத்து வைப்பது பெரும்பாலும் பயனளிக்காது. பேரீச்சம்பழமும் ஏலக்காய் மணக்கும் கஹ்வா என்ற அரபுக் காப்பியும் வரும். வலக்கையால் வாங்கி, குறைந்தது ஒரு கோப்பையாவது அருந்துங்கள். போதும் என்றால் கோப்பையை மெல்ல அசைத்துக் காட்டினால் ஊற்றுபவர் புரிந்துகொள்வார். உடல்நலம், பயணம், பிள்ளைகளின் படிப்பு பற்றிய விசாரிப்புகள் நீளும். ஒருவருடைய மனைவியையோ மகளையோ தனியாகக் குறிப்பிட்டுக் கேட்காமல், ‘வீட்டில் எல்லாரும் நலமா’ என்ற அளவில் நிறுத்திக்கொள்வது மரியாதை. இந்த நேரத்தை வீணென்று நினைப்பவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாகவே இருக்கும், ஏனென்றால் எதிரில் இருப்பவர் அப்போதுதான் உங்களை எடைபோடுகிறார்: பொறுமை இருக்கிறதா, மூத்தவருக்கு இடம் விடுகிறாரா, பிரச்சினை வரும்போது தொலைபேசியை எடுப்பாரா என்பதெல்லாம் விலைப்பட்டியலில் தெரியாத செய்திகள்.

சந்திப்பின் நடுவே வேறொருவர் உள்ளே வந்து அமர்ந்தாலும், தொலைபேசி அழைப்புகள் குறுக்கிட்டாலும் அதை அவமதிப்பாகக் கொள்ள வேண்டாம். வந்தவரை வரவேற்பது அங்கே கடமை. நேரடியாக மறுத்துப் பேசுவதை விருந்தோம்பல் மரபு விரும்புவதில்லை என்பதால், பதில் மென்மையாகவும் தெளிவின்றியும் வரக்கூடும். அப்போது, ‘அடுத்து யாரைப் பார்க்க வேண்டும், எந்தத் தாளை எப்போது அனுப்பட்டும்’ என்று குறிப்பாகக் கேட்டுப் பாருங்கள். பெயரும் நாளும் கிடைத்தால் விருப்பம் இருக்கிறது என்று கொள்ளலாம். இரண்டுமே கிடைக்காவிட்டால் சில வாரங்கள் பொறுத்துப் பிறகு வாட்ஸ்அப்பில் நலம் விசாரிப்பதோடு தொடங்கலாம். மின்னஞ்சல் ஆவணத்துக்குத் தேவை, ஆனால் வேலை நகர்வது பெரும்பாலும் குரலில்தான்.

பெண்களின் நிலை குறித்துப் பழைய எண்ணத்தோடு செல்பவர்கள் தவறு செய்வார்கள். 2018இல் பெண்கள் வாகனம் ஓட்ட அனுமதி கிடைத்தது. அதே ஆண்டு, ஆண் காப்பாளரின் ஒப்புதலின்றித் தொழில் தொடங்கவும் வழி பிறந்தது. வேலைக்குச் செல்லும் பெண்களின் பங்கை 30 விழுக்காடாக்க வேண்டும் என்ற இலக்கு 2030க்குப் பல ஆண்டுகள் முன்னதாகவே எட்டப்பட்டது. சந்திப்பில் பெண் அதிகாரி இருந்தால் அவரிடம் நேராகவே தொழில் பேசுங்கள்; கைகுலுக்குவதை மட்டும் அவர் முதலில் கை நீட்டினால் செய்யுங்கள்.

வார விடுமுறை 2013 முதல் வெள்ளியும் சனியும். தொழுகை நேரங்களை ஒட்டிச் சந்திப்பு வைக்காமல், ‘லுஹருக்குப் பிறகு’ (நண்பகல் தொழுகை), ‘அஸருக்குப் பிறகு’ (பிற்பகல் தொழுகை) என்று குறித்துக்கொள்வது எல்லாருக்கும் எளிது. ரமலானில் முஸ்லிம் ஊழியர்களின் வேலைநேரம் சட்டப்படி நாளொன்றுக்கு 6 மணி நேரம். பகலில் பெரிய பேச்சுவார்த்தை நடக்காது, இரவுத் தொழுகைக்குப் பிறகு நடக்கும் சந்திப்புகளோ மிகவும் கனிவானவையாக இருக்கும். ஹஜ் காலத்திலும் இரு பெருநாள்களிலும் கையெழுத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

தாள்களில் தளர்வு வேண்டாம்

இனிச் சொல்வதை மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன். சவூதிக் குடிமகன் ஒருவரின் பெயரில் உரிமம் எடுத்து, மாதம் ஒரு தொகையை அவருக்குக் கொடுத்துவிட்டு, பகாலாவையோ (மளிகைக் கடை) பட்டறையையோ வெளிநாட்டவர் நடத்துவது நீண்ட காலம் வழக்கத்தில் இருந்தது. கஃபீல், அதாவது பெயர் கொடுத்துப் பொறுப்பேற்கும் சவூதிக்காரர், நல்லவர் என்ற நம்பிக்கையே அதற்கு ஆதாரம். 2021இல் நடைமுறைக்கு வந்த மறைமுக வணிகத் தடுப்புச் சட்டம் இதற்கு 5 ஆண்டு வரை சிறையும் 50 இலட்சம் ரியால் வரை அபராதமும் விதிக்கிறது. தண்டனை முடிந்த வெளிநாட்டவர் நாட்டைவிட்டு அனுப்பப்படுவார். மின்னணு விலைச்சீட்டு, வங்கிக் கணக்கு, சம்பளப் பதிவு ஆகியவற்றை அரசு ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்க முடிவதால், சிறிய கடை கண்ணில் படாது என்று எண்ணுவது பேராபத்து. எவ்வளவு நெருங்கிய நட்பாக இருந்தாலும் இந்த வழியில் சேமிப்பை இறக்காதீர்கள்.

நேர்வழி இப்போது முன்பைவிடத் திறந்திருக்கிறது. 2000ஆம் ஆண்டின் அன்னிய முதலீட்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய முதலீட்டுச் சட்டம் 2025 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. முதலீட்டு அமைச்சகத்தில் பதிந்து, பிறகு வணிக அமைச்சகத்தில் நிறுவனத்தைப் பதிவு செய்யலாம். பல துறைகளில் முழு உரிமையும் வெளிநாட்டவருக்கே இருக்கலாம். கடை வணிகத்துக்கு மூலதனத் தேவை மிக அதிகம் என்பதால், சேவை அல்லது உற்பத்திப் பிரிவில் நுழைவது சிறு முதலீட்டாளருக்குப் பொருந்தும். அரசு ஒப்பந்தங்களைக் குறிவைக்கும் பெரிய நிறுவனங்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: மண்டலத் தலைமையகத்தைச் சவூதியில் வைக்காத பன்னாட்டு நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்வதை அரசுத் துறைகள் 2024 சனவரி முதல் கட்டுப்படுத்தியுள்ளன, 10 இலட்சம் ரியாலுக்கு உட்பட்ட பணிகளுக்கு விலக்கு உண்டு.

செலவுக் கணக்கில் பலர் தவறவிடுவது ஆள் செலவு. சவூதி ஊழியர்களைவிட வெளிநாட்டவர் அதிகமாக இருக்கும் நிறுவனம், பொதுவாக ஒவ்வொரு வெளிநாட்டு ஊழியருக்கும் மாதம் 800 ரியால் அரசுக்குக் கட்ட வேண்டும், மற்றவற்றுக்கு 700. 2011இல் தொடங்கிய நிதாகாத் முறை, சவூதி ஊழியர்களின் விழுக்காட்டைப் பார்த்து நிறுவனத்தைத் தரம் பிரிக்கிறது. தரம் தாழ்ந்தால் புதிய விசாவும் இக்காமா (வசிப்பு அனுமதி) புதுப்பிப்பும் சிக்கலாகும். ஒரு சவூதி ஊழியர் முழுமையாகக் கணக்கில் சேர, அவருக்கு மாதம் 4,000 ரியாலாவது சம்பளம் தரவேண்டும். பெயருக்கு ஒருவரைச் சேர்த்து வீட்டில் உட்கார வைப்பது சட்டமீறல். அதைவிட, வாடிக்கையாளரோடு அரபியில் பேசவும் அரசு அலுவலகங்களில் வேலை முடிக்கவும் தெரிந்த இளைஞரைப் பயிற்றுவித்தால் அந்தச் செலவு வருவாயாகத் திரும்பும். மதிப்புக் கூட்டு வரி 2018இல் 5 விழுக்காடாகத் தொடங்கி 2020 சூலையில் 15 ஆனது. ஆண்டு விற்பனை 3,75,000 ரியாலைத் தாண்டினால் பதிவு கட்டாயம். வெளிநாட்டுப் பங்குக்குரிய இலாபத்தில் 20 விழுக்காடு வருமான வரி உண்டு. சவூதிப் பங்குக்கு ஜகாத் (இஸ்லாமிய முறைப்படி செலுத்தும் கட்டாயப் பங்கு) கணக்கிடப்படும்.

ஒப்பந்தத்தை இருமொழியில் எழுதினாலும், வழக்கு என்று வந்தால் நீதிமன்றம் பார்ப்பது அரபி வடிவத்தையே. ஆகவே மொழிபெயர்ப்புக்குச் செலவு செய்யத் தயங்காதீர்கள். 2023 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த குடிமையியல் பரிவர்த்தனைச் சட்டம் ஒப்பந்த விதிகளைத் தொகுத்து எழுதியிருப்பதால், தீர்ப்பு எப்படி அமையும் என்பதை முன்பைவிட நன்றாக ஊகிக்க முடிகிறது. தாமதத்துக்கு வட்டி என்று எழுதி வைத்தால் ஷரீஅத் அடிப்படையில் அது செல்லாது. அதற்குப் பதிலாக, தவணை தோறும் கடனுறுதிச் சீட்டு (குறித்த நாளில் பணம் தருவதாகக் கையெழுத்திட்ட சீட்டு) வாங்கிக்கொள்ளுங்கள். அரசின் ‘நாஃபித்’ தளத்தில் பதிவு செய்த சீட்டுக்குப் பணம் வராவிட்டால், நீண்ட வழக்கின்றி நேரே அமலாக்க நீதிமன்றத்துக்குச் செல்லலாம். இதைக் கேட்பதால் நட்பு கெடும் என்ற அச்சம் தேவையில்லை. அங்குள்ள வணிகர்கள் தமக்குள்ளேயே இச்சீட்டைக் கொடுத்து வாங்குகிறார்கள். கஹ்வா அருந்தி முடித்து விலை முடிவான அதே சந்திப்பில் கேட்டுவிடுங்கள்; சரக்கு கப்பலேறிய பிறகு கேட்டால், அப்போதுதான் அது சந்தேகமாகத் தோன்றும்.