கை மாறி வந்த கிளி: முதல் மாதங்களில் நாம் செய்யும் தவறுகள்

வந்த மூன்றாம் நாள் விடியற்காலை. கூண்டின் மேல் போர்த்தியிருந்த துணிக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது: "கண்ணு, எந்திரிச்சிட்டியா?" வயதான பெண்மணியின் குரல். லேசான கரகரப்பு, கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுக்கிற விதம், எல்லாம் அப்படியே. அந்த அம்மா இறந்து அப்போது நான்கு மாதம் ஆகியிருந்தது. மகனுக்கு வாரத்தில் பாதி நாள் வெளியூர் வேலை. கிளியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை என்று என்னிடம் கொடுத்தார். ஆப்பிரிக்கன் கிரே என்ற சாம்பல் நிறக் கிளி, வயது 11. கூடவே வந்தவை பழைய கூண்டு, அரைப் பை சூரியகாந்தி விதை, ஒரு பிளாஸ்டிக் மணி.

அதுவரை நான் அதை எங்கள் வீட்டுக்கு வந்த புதுக் கிளியாகத்தான் நினைத்திருந்தேன். அதற்கோ நாங்கள்தான் புது ஆட்கள். தினமும் காலையில் அது யாரையோ எதிர்பார்த்து எழுந்தது. வந்து நின்றது நான்.

வளர்ப்பில் இந்த வகைக் கிளி 40, 50 வருடம்கூட இருக்கும். அதனால் அதன் ஆயுளில் ஒரு முறையாவது வீடு மாறுவது சகஜம். அப்படி வரும் பறவையிடம் நாம் செய்கிற தவறுகளில் பெரும்பாலானவை அன்பினால் செய்பவை. அவற்றில் பலவற்றை நானும் செய்திருக்கிறேன்.

முதலில் சட்டம்

யாராவது பச்சைக்கிளியைத் தருகிறேன் என்றால் வாங்கிக்கொள்ளாதீர்கள். நம் ஊர்ப் பச்சைக்கிளி, பெரிய பச்சைக்கிளி எல்லாம் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. கூண்டில் வைத்திருப்பதே குற்றம். கிளி ஜோசியக்காரர்களிடமிருந்து வனத்துறை கிளிகளை மீட்பதும் அதனால்தான். அப்படி ஒன்று கைக்கு வந்துவிட்டால் நீங்களாகத் திறந்துவிட வேண்டாம். கூண்டிலேயே வளர்ந்தது வெளியே பிழைக்காது, வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

ஆப்பிரிக்கன் கிரே, மக்காவ் போன்ற வெளிநாட்டு இனங்களை வளர்க்கலாம், ஆனால் பதிவு வேண்டும். 2022இல் சட்டம் திருத்தப்பட்டு, 2024 பிப்ரவரியில் அதற்கான விதிகள் வந்தன. மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். கை மாறும்போது அதையும் அங்கேயே தெரிவிக்க வேண்டும். பழைய உரிமையாளரிடம் பறவையை வாங்கும் அன்றே காகிதங்களையும் கேட்டு வாங்கிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் தேடி எடுப்பது கஷ்டம்.

கூண்டுக்குள் கையை விடுவது

நான் செய்த தவறுகளிலேயே பெரியது இது. இரண்டாம் நாளே கதவைத் திறந்து, "வா" என்று ஆள்காட்டி விரலை நீட்டினேன். பழைய வீட்டில் விரலில் ஏறும் என்று சொல்லியிருந்தார்கள். ஏறும்தான், ஆனால் அது அந்த அம்மாவின் விரல்.

கடிப்பதற்கு முன்னால் அது எல்லாவற்றையும் சொல்லிவிட்டது, எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. உடம்பு விறைத்து ஒல்லியானது. கண்ணின் கருமணி சுருங்கி, விரிந்து, மறுபடி சுருங்கியது. பிடரிச் சிறகுகள் சிலிர்த்தன. ஒரு காலைப் பின்னால் எடுத்து வைத்தது. நான் இன்னும் கொஞ்சம் விரலை நீட்டினேன். அலகு இறங்கியது. வெடுக்கென்று கையை இழுத்ததில் காயம் கிழிந்து பெரிதானது, வலியில் கத்தினேன். அந்த ஒரு நொடியில் கிளி கற்றுக்கொண்டது ஒன்றுதான்: கடித்தால் கை விலகிப் போய்விடும்.

அதைத் திருத்த எனக்கு ஒன்றரை மாதம் ஆனது. கூண்டு அதன் வீடு. உள்ளே கை போகக்கூடாது என்று முடிவு செய்தேன். தண்ணீர், தீனி மாற்ற மட்டும், அதுவும் பறவை மறுபக்கம் இருக்கும்போது. மற்ற நேரத்தில் கூண்டிலிருந்து ஆறடி தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்து செய்தித்தாளைச் சத்தமாகப் படிப்பேன். நான் அங்கே இருக்கும்போது அது தீனி எடுத்தால் மறுநாள் நாற்காலி அரையடி முன்னால் நகரும். தின்பதை நிறுத்தினால் அரையடி பின்னால். கிண்ணத்தில் சூரியகாந்தி விதையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துவிட்டு, அதைக் கம்பி வழியாக என் கையால் மட்டும் கொடுத்தேன். பிறகு கதவைத் திறந்து வைத்தேன். அதுவாக வெளியே வரட்டும் என்று.

உறவினர்களை அழைத்துக் காட்டுவது, குழந்தைகள் கூண்டைச் சுற்றி நிற்பது, துண்டைப் போட்டு அமுக்கிப் பிடித்து "பழக்குவது" எல்லாம் இந்த முதல் மாதங்களில் கூடவே கூடாது. துண்டு மருத்துவரிடம் தூக்கிப் போக வேண்டிய அவசரத்துக்கு மட்டும்.

அமைதியாக இருக்கிறதே என்று நம்புவது

புது வீட்டில் முதல் இரண்டு மூன்று வாரம் பல கிளிகள் சத்தமே போடாது. சாதுவான பறவை என்று வீடே மகிழும். பயத்தில் உறைந்து போயிருக்கிறது என்பதே உண்மை. இடம் கொஞ்சம் பழகியதும் கத்தத் தொடங்கும், கடித்துப் பார்க்கும். "நம்ம வீட்டுக்கு வந்து கெட்டுப்போச்சு" என்று பலர் திருப்பிக் கொடுப்பது இந்தக் கட்டத்தில்தான். நிஜத்தில் அது பயம் தெளிந்து தன் குணத்தைக் காட்டத் தொடங்கும் நேரம். இதைத் தாண்டும்வரை பொறுத்திருந்தால் போதும்.

கத்தலைப் பற்றி ஒரு வார்த்தை. கூட்டமாக வாழும் பறவை; கண்ணில் படாத துணையைக் கூப்பிட்டு, "இங்கேதான் இருக்கிறேன்" என்று பதில் வந்தால் அடங்கும். நீங்கள் அடுப்படிக்குப் போனதும் கத்துகிறது என்றால் அதுதான் விஷயம். பதிலுக்கு அதட்டினால் அதுவே அதற்குப் பதிலாகிவிடும். கத்தாமல் விசிலடிக்கும்போதோ பேசும்போதோ உடனே நீங்களும் ஒரு விசில் கொடுங்கள். நாளாக நாளாக விசிலடித்தே கூப்பிடும்.

பழசையெல்லாம் மாற்றிவிடுவது

புதுக் கூண்டு, புதுப் பெயர், புதுத் தீனி. நல்ல எண்ணத்தில்தான் செய்வோம். பறவைக்கு அது மிச்சமிருந்ததையும் பிடுங்கிக்கொள்வது போல. கிரே இனம் புதுப் பொருளைக் கண்டாலே மிரளும். நான் வாங்கிய பெரிய கூண்டைப் பழையதன் பக்கத்தில் மூன்று வாரம் கதவு திறந்தபடி வைத்திருந்தேன். ஒரு மதியம் அதுவாகவே போய் உட்கார்ந்தது. அந்தப் பிளாஸ்டிக் மணி இன்றைக்கும் உள்ளேதான் தொங்குகிறது.

பெயரை மாற்றாதீர்கள். பழைய வீட்டுச் சொற்களை மறக்கடிக்கவும் முயலாதீர்கள். செத்தவர் குரல் வீட்டில் கேட்பது நல்லதல்ல என்று என்னிடம் இரண்டு பேர் சொன்னார்கள். அவர்கள் பயம் புரிகிறது. ஆனால் அந்தப் பறவைக்குத் தெரிந்த அன்பான வார்த்தைகள் அவைதான்.

பழைய வீட்டில் நாள் எப்படிப் போனது என்று துருவிக் கேளுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கும், யார் கூண்டைத் துடைப்பார்கள், எந்தச் சத்தத்துக்குப் பயம். நான் இதை ஒரு மாதம் கழித்துத்தான் கேட்டேன். மகன் யோசித்துவிட்டு, "சாயங்காலம் விளக்கு வெச்சதும் அம்மா ஒரு கோவைப்பழம் குடுப்பாங்கண்ணா" என்றார். மறுநாள் வேலியில் தேடிப் பறித்து வந்தேன். விளக்கேற்றிவிட்டு, சிவந்த பழம் ஒன்றைக் காம்போடு பிடித்து நீட்டினேன். கழுத்தை ஒருபுறம் சாய்த்து என்னைப் பார்த்தது. பழத்தைப் பார்த்தது. மெதுவாக நடந்து வந்து, விரலில் அலகு படாமல் வாங்கி, ஒற்றைக் காலில் பிடித்துக்கொண்டு சாப்பிட்டது. கம்பி நடுவில் இல்லாமல் என் கையிலிருந்து அது வாங்கிய முதல் உணவு அது.

தீனி

வெறும் சூரியகாந்தி விதையில் வளர்ந்த பறவைதான் பெரும்பாலும் கை மாறி வரும். கொழுப்பு அதிகம், வைட்டமின் ஏ-யும் கால்சியமும் குறைவு. கிரே இனத்துக்குக் கால்சியம் குறைந்தால் வலிப்பே வரும். முருங்கைக்கீரை, கேரட், சர்க்கரைவள்ளி, பப்பாளி, முளைகட்டிய பயறு, கிளிகளுக்கான பெல்லட் என்று மாற வேண்டும். ஆனால் ஒரே நாளில் விதையை நிறுத்திவிடாதீர்கள். தெரியாத உணவை உணவென்றே அது எடுத்துக்கொள்ளாது, பட்டினி கிடந்துவிடும். சமையலறை டிஜிட்டல் தராசில் தினமும் காலையில் எடை பாருங்கள். என்னுடையது வந்தபோது 438 கிராம். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். நோயை மறைப்பது பறவைகளின் இயல்பு. நம் கண்ணுக்குத் தெரியும் முன் தராசுக்குத் தெரிந்துவிடும்.

பால் சோறு வேண்டாம். பாலைச் செரிக்கும் வசதி பறவையின் குடலில் இல்லை. அவகாடோ, சாக்லேட், காப்பி, டீ ஆபத்து. முறுக்கு, மிக்சர் போன்ற உப்புப் பண்டங்களும் கூடாது. பச்சை மிளகாய் தாராளமாகத் தரலாம், பறவைகளுக்குக் காரமே தெரியாது. ஆனால் மிளகாய் தின்றால் பேச்சு வரும் என்பதில் உண்மையில்லை.

வீட்டுக் காற்றும் மின்விசிறியும்

இதில் மட்டும் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். பறவையின் நுரையீரல் காற்றை நம்முடையதைவிட நன்றாக உறிஞ்சும், நஞ்சையும் அப்படியே. நான்-ஸ்டிக் தவா அடுப்பில் காய்ந்து போனால் அந்த டெஃப்லான் பூச்சிலிருந்து வரும் புகை சில நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும். நமக்கு வாசனைகூடத் தெரியாது. நாங்கள் தோசைக்கல்லுக்குத் திரும்பிவிட்டோம். கொசுவர்த்தி, கொசு விரட்டி மெஷின், சாம்பிராணி, ஊதுபத்தி எதுவும் கிளி இருக்கும் அறையில் கூடாது. எங்கள் வீட்டில் கொசுவலைதான். வெள்ளிக்கிழமை சாம்பிராணி வாசல் திண்ணையோடு சரி.

அப்புறம் மின்விசிறி. மிரண்ட கிளி நேராக மேலே பறக்கும். கிளியை வெளியே விடும் அறையில் ஃபேன் சுவிட்சின் மேல் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். பழக்கதோஷத்தில் யார் கை போனாலும் டேப் தடுக்கும். ஜன்னலுக்கு வலை அடித்துவிடுங்கள்.

தடவுவது, எண்ணெய் பூசுவது

நாயைத் தடவுவது போல முதுகிலும் இறக்கைக்கு அடியிலும் தடவாதீர்கள். கிளிக்கு அது இணை சேரும் அழைப்பு. பிறகு தின்றதைக் கக்கி உங்களுக்கு ஊட்டப் பார்க்கும், வீட்டில் மற்றவர்களை விரட்டிக் கடிக்கும். தலையும் கழுத்தும் போதும். அதுவும் அது தானாகத் தலையைக் குனிந்து பிடரியைக் காட்டும்போது.

இழந்த துணையை நினைத்தோ, தனிமையிலோ, நோயிலோ தன் சிறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும் கிளிகள் உண்டு. என்னுடையது வரும்போது மார்பு வெறுமையாக இருந்தது. தேங்காய் எண்ணெய், வேப்பெண்ணெய் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். எண்ணெய் பட்டால் சிறகுகள் ஒட்டிக்கொண்டு உடல் சூட்டைக் காக்க முடியாமல் போகும். செய்ய வேண்டியது முதல் வாரத்திலேயே மருத்துவப் பரிசோதனை. சென்னை வேப்பேரியிலும் நாமக்கல்லிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. கிளிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் காய்ச்சலும் உண்டு என்பதால் இதைத் தள்ளிப்போட வேண்டாம். வீட்டில் வேறு பறவை இருந்தால் ஒன்றரை மாதமாவது தனி அறையில் வையுங்கள்.

நோய் இல்லை என்று தெரிந்த பிறகு நான் செய்தது கொஞ்சம்தான். கிழித்துப் போட அட்டைப் பெட்டியும் தென்னை மட்டையும் கொடுத்தேன். நல்ல வெயில் நேரத்தில் தண்ணீர் தெளித்தேன். கூண்டை டிவி இருக்கும் ஹாலிலிருந்து மாற்றி, ஒரு பக்கம் சுவர் வருகிற மாதிரி வைத்தேன். அதற்கு இரவில் 10 முதல் 12 மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். மார்பில் பாதிக்கு மேல் சிறகு வந்துவிட்டது. மீதி வராமலும் போகலாம், வேர் கெட்டுவிட்டால் முளைக்காது.

பழைய வீட்டோடு தொடர்பை அறுத்துவிடுவது

பழைய வீட்டாரின் போன் எண்ணை அழித்துவிடாதீர்கள். "பார்த்தால் ஏங்கிப் போகும்" என்று முன்பு நானும் நினைத்தேன். அந்த மகன் ஒருமுறை வீட்டுக்கு வந்தார். கிளி அவரைக் கண்டதும் கம்பியோரம் வந்து தலையைக் குனிந்து நின்றது. அவர் போன பிறகு வழக்கம் போலத்தான் சாப்பிட்டது. ஏங்கவில்லை.

சில ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஆறு மணிக்கு அவர் போன் செய்வார். என்னிடம் பேச ஒன்றுமிருக்காது. ஸ்பீக்கரில் போட்டுக் கூண்டுக்குப் பக்கத்து ஸ்டூலில் வைத்துவிட்டு, துணியை விலக்கிவிட்டு, நான் காப்பி போடப் போய்விடுவேன். கொஞ்ச நேரத்தில் கிளி இருக்கும் அறையிலிருந்து அந்தக் குரல் கேட்கும்: "கண்ணு, எந்திரிச்சிட்டியா?" போனிலிருந்து, "எந்திரிச்சிட்டேம்மா."